வீட்டுக் குழாய்களுக்கான பித்தளை மரை இணைப்பிகள்

பித்தளை மரை இணைப்பிகள் என்பவை நீர்க்குழாய்களை ஒன்றோடொன்றும், திருகுகுழாய், வால்வு, கீசர், தொட்டி போன்றவற்றோடும் திருகி இணைக்க உதவும் பித்தளை உறுப்புகள் ஆகும். நிப்பிள், சாக்கெட், எல்போ, டீ, யூனியன் முதலியவை இவற்றுள் அடங்கும். இக்கட்டுரையில் குழாய் என்பது நீர் செல்லும் குழலையும், திருகுகுழாய் என்பது திறந்து மூடும் டேப்பையும் குறிக்கும். மரை என்பது திருகுவதற்காக வெட்டப்பட்ட சுருள் வரியைக் குறிக்கும்.

வீட்டின் குழாய்ப் பணிச் செலவில் இணைப்பிகளின் பங்கு சிறியது. ஆயினும் நீர்க்கசிவு பெரும்பாலும் இணைப்புகளில்தான் தொடங்குகிறது. அந்த இணைப்பு சுவருக்குள் இருந்தால், பதித்த ஓட்டை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும். சில நூறு ரூபாய்ப் பொருளுக்காகக் குளியலறைச் சுவரையே பெயர்க்க நேரிடுவது இதனால்தான்.

ஒரு மரை இணைப்பில் எப்போதும் இரண்டு உறுப்புகள் உண்டு. ஆகவே ஓர் இணைப்பியைத் தனியே எடுத்து அதன் எடையையும் பளபளப்பையும் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க இயலாது. அது எந்த மரையோடு சேர்கிறது, எந்தத் தண்ணீர் அதன் வழியே ஓடுகிறது, எந்த இடத்தில் இருக்கப் போகிறது என்ற மூன்றையும் அறிந்த பிறகே தேர்வு செய்ய வேண்டும்.

பித்தளை பயன்படுவதன் காரணம்

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. இது இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. வார்ப்பதற்கும், சூட்டில் அழுத்தி உருவாக்குவதற்கும், கடைசல் எந்திரத்தில் கடைவதற்கும் ஏற்றது. மரையைத் துல்லியமாக வெட்டலாம். ஒருமுறை கழற்றி மீண்டும் திருகினாலும் மரை எளிதில் தேய்வதில்லை.

கடைசல் வேலைக்கான பித்தளைக் கம்பிகளுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 319 ஆகும். இதன் முதல் தரத்தில் செம்பு 56 முதல் 59 விழுக்காடும், ஈயம் 2 முதல் 3.5 விழுக்காடும் இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகம். கடையும்போது சீவல் நீளமாகச் சுருளாமல் சிறு துண்டுகளாக உதிர்வதற்காக ஈயம் சேர்க்கப்படுகிறது. இந்தியாவில் பித்தளை உறுப்புகள் மிகுதியாக உற்பத்தியாகும் ஊர் குசராத்து மாநிலத்தின் ஜாம்நகர். அங்குள்ள சிறு பட்டறைகளில் செய்யப்படும் இணைப்பிகள் நாடெங்கும் விற்பனையாகின்றன.

வீட்டுக் குழாய்களில் நீரழுத்தம் அதிகமில்லை. 10 மீட்டர் உயர நீர், ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மாடியில் தொட்டி வைத்த ஓரடுக்கு மாடி வீட்டில், தரைத்தளத் திருகுகுழாய்க்கும் தொட்டிக்கும் இடையே 7 அல்லது 8 மீட்டர் உயரம் இருந்தால், அங்கு கிடைக்கும் அழுத்தம் 1 பாருக்கும் குறைவு. அழுத்த மோட்டார் வைத்த வீடுகளில் அது 2 அல்லது 3 பார் ஆகலாம். நன்கு செய்யப்பட்ட பித்தளை இணைப்பி இதைவிடப் பல மடங்கு தாங்கும். எனவே வீடுகளில் பித்தளை இணைப்பி பழுதாவதற்கு நீரழுத்தம் முதன்மைக் காரணம் அன்று. பொருந்தாத மரை, அளவுக்கு மீறிய இறுக்கம், நீரால் ஏற்படும் அரிப்பு ஆகிய மூன்றுமே பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம்.

அளவுப் பெயரும் உண்மை அளவும்

கடையில் அரை இஞ்ச் என்று கேட்டு வாங்கும் இணைப்பியில் எதை அளந்தாலும் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், கிடைப்பதில்லை. அதன் வெளிமரையின் விட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். இது அளவுப் பிழை அன்று. பழைய இரும்புக் குழாய்கள் அவற்றின் உள்துளை அளவால் பெயரிடப்பட்டன. மரையோ குழாயின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்டது. குழாய்ச் சுவரின் தடிமன் பின்னாளில் மாறியபோதும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்தியாவில் வழங்கும் பிரித்தானியக் குழாய் மரையின் அளவுகள் பின்வருமாறு:

- 1/4 அங்குலம்: வெளிமரை விட்டம் 13.16 மி.மீ., ஓர் அங்குல நீளத்தில் 19 மரைகள்
- 3/8 அங்குலம்: 16.66 மி.மீ., 19 மரைகள்
- 1/2 அங்குலம்: 20.96 மி.மீ., 14 மரைகள்
- 3/4 அங்குலம்: 26.44 மி.மீ., 14 மரைகள்
- 1 அங்குலம்: 33.25 மி.மீ., 11 மரைகள்
- 1 1/4 அங்குலம்: 41.91 மி.மீ., 11 மரைகள்

பழைய வீட்டில் ஓர் உறுப்பை மாற்றும்போது, அளவுகோலால் வெளிமரையின் விட்டத்தை அளந்து இப்பட்டியலோடு ஒப்பிட்டால் அதன் அளவுப் பெயர் தெரிந்துவிடும்.

குழாயின் வெளிவிட்டம் வேறு செய்தி. ஒரே பெயருடைய குழாய்கள் பொருளுக்குப் பொருள் வேறுபடுகின்றன. அரை அங்குல ஜி.ஐ. குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. அரை அங்குல சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 15.9 மி.மீ. முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாய் 22.2 மி.மீ., ஓர் அங்குலக் குழாய் 28.6 மி.மீ. என அமையும். சி.பி.வி.சி. குழாய்கள் செம்புக் குழாய்களின் அளவைப் பின்பற்றுவதே இதற்குக் காரணம். எனவே ஒரு பக்கம் ஒட்டும் வாயும் மறுபக்கம் மரையும் உடைய இணைப்பியை வாங்கும்போது, மரை அளவோடு குழாயின் வகையையும் சொல்ல வேண்டும். அரை இஞ்ச் என்று மட்டும் கேட்டால் மரைப் பக்கம் பொருந்தும். ஒட்டும் பக்கம் பொருந்தாமல் போகலாம்.

மரையின் வகைகள்

1841ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அதில் இரு வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் கோணம் 55 பாகை. இதன் வழிவந்ததே பி.எஸ்.பி. எனப்படும் பிரித்தானியக் குழாய் மரை. இந்தியா, இலங்கை உட்படப் பல நாடுகளில் இதுவே வழக்கில் உள்ளது. இது இரு வகைப்படும்.

கூம்பு மரை: நுனியில் குறுகி, உள்ளே போகப் போக அகலும் மரை. 16 மில்லிமீட்டர் நீளத்திற்கு 1 மில்லிமீட்டர் வீதம் விட்டம் மாறும். திருகத் திருக ஆப்புப் போல இறுகுவதால், மரையே நீரைத் தடுக்கிறது. இடையில் எஞ்சும் நுண்ணிய சுருள்வழியை டெஃப்லான் நாடா அல்லது சணல் அடைக்கிறது. இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 554.

நேர்மரை: தொடக்கம் முதல் முடிவு வரை விட்டம் மாறாத மரை. எவ்வளவு திருகினாலும் மரை மட்டும் நீரைத் தடுக்காது. மரை, இரு உறுப்புகளைப் பிடித்து வைக்கும் வேலையை மட்டுமே செய்கிறது. நீரைத் தடுப்பது இடையிலுள்ள ரப்பர் வாஷர். இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2643. வளையும் இணைப்புக் குழாய்களின் நட்டு, சலவை எந்திரக் குழாயின் நட்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இணைப்பியின் மேலோ அட்டையிலோ ஆர் 1/2 என்றிருந்தால் அது கூம்பு வெளிமரை. ஆர்சி என்பது கூம்பு உள்மரை. ஆர்பி என்பது நேரான உள்மரை. ஜி 1/2 என்றிருந்தால் வாஷரை நம்பும் நேர்மரை. கூம்பு வெளிமரை, நேரான உள்மரை, கூம்பு உள்மரை ஆகிய இரண்டிலும் பொருந்தும். நேரான வெளிமரையைக் கூம்பு உள்மரையில் திருகினால் சில சுற்றுகளில் முட்டிக்கொள்ளும். இறுகிவிட்டது போலத் தோன்றினாலும் நீர் கசியும்.

அமெரிக்காவில் வழங்கும் குழாய் மரை என்.பி.டி. எனப்படும். அதன் கோணம் 60 பாகை. அயல்நாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் திருகுகுழாய்களிலும், சில நீர்வடிகட்டிக் கலன்களிலும் இம்மரை காணப்படும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆகிய இரு அளவுகளிலும் இரு நாட்டு மரைகளும் அங்குலத்துக்கு 14 என்ற எண்ணிக்கையே உடையவை. எனவே ஒன்று மற்றொன்றில் சில சுற்றுகள் எளிதாகத் திருகும். ஆனால் அரை அங்குல அமெரிக்க மரையின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. அளவில் சற்றுக் கூடுதல். கோணமும் வேறு. நாடாவை எத்தனை சுற்று சுற்றினாலும் இவ்விணைப்பு நம்பத்தக்கது அன்று. இரு மரைகளையும் இணைக்கும் மாற்று இணைப்பியைப் பயன்படுத்துவதே சரி.

இணைப்பிகளின் வடிவங்கள்

- நிப்பிள்: இரு முனைகளிலும் வெளிமரை உடைய சிறு துண்டு.
- சாக்கெட்: இரு முனைகளிலும் உள்மரை உடையது.
- எல்போ: நீர்வழியைத் திருப்பும் முழங்கை வடிவ இணைப்பி.
- டீ: ஒரு வழியை இரண்டாகப் பிரிப்பது.
- ரெடியூசர், புஷ்: பெரிய அளவையும் சிறிய அளவையும் இணைப்பவை.
- யூனியன்: குழாயைச் சுழற்றாமலே கழற்ற உதவும் மூன்று பகுதி இணைப்பி. மோட்டார், தொட்டி, வடிகட்டி போன்று பின்னாளில் கழற்ற வேண்டிய இடங்களில் இது தேவை.
- பிளக், கேப்: முனையை மூடுபவை.
- எக்ஸ்டென்ஷன் நிப்பிள்: ஒரு முனையில் வெளிமரையும் மறுமுனையில் உள்மரையும் உடையது. சுவருக்குள் ஆழமாகப் போன முனையை வெளியே கொண்டுவரப் பயன்படுகிறது.

பிளாஸ்டிக் குழாய்களோடு இணைத்தல்

இன்று கட்டப்படும் வீடுகளில் குழாய் பெரும்பாலும் சி.பி.வி.சி. அல்லது யு.பி.வி.சி. வகை, திருகுகுழாயும் வால்வும் உலோகம். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பித்தளை இணைப்பியின் தேவை அதிகம்.

இதில் முதன்மையான விதி ஒன்று உண்டு. உலோக வெளிமரையை வெறும் பிளாஸ்டிக் உள்மரையில் திருகக் கூடாது. கூம்பு வடிவ உலோக மரை ஆப்புப் போல உள்ளே செல்லும். பிளாஸ்டிக் வாய் வெளிநோக்கி விரியும். அன்றைக்குக் கசிவு தெரியாது. தொடர்ந்து விரிவு நிலையில் இருக்கும் பிளாஸ்டிக், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ நீளவாக்கில் பிளந்துவிடும். இதைத் தவிர்க்கவே உட்புறம் பித்தளை மரை பதிக்கப்பட்ட இணைப்பிகள் வந்தன. கடைகளில் பிராஸ் எஃப்.டி.ஏ., பிராஸ் எல்போ, பிராஸ் டீ என இவை கிடைக்கும். உலோகம் உலோகத்தில் திருகப்படுவதால் இறுக்கத்தைப் பித்தளை தாங்குகிறது. மறுதலையாக, பிளாஸ்டிக் வெளிமரையை உலோக உள்மரையில் திருகுவது குளிர்ந்த நீர்க் குழாய்களில் ஏற்கத்தக்கது.

இவ்வகை இணைப்பிகளில் பித்தளை பிளாஸ்டிக்குக்குள் எப்படிப் பதிந்துள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். பித்தளையின் வெளிப்புறம் அறுகோணமாகவோ ஆழமான வரிப்பள்ளங்களுடனோ இருந்தால் திருகும்போது அது தனியே சுழலாது. வழுவழுப்பான வளையமாக இருந்தால் சில முறை திருகியதும் பிடி விட்டுப்போகும்.

வெந்நீர்க் குழாய்களுக்கு இது இன்னும் முக்கியம். சூட்டில் சி.பி.வி.சி., பித்தளையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். கீசர் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. ஆகவே வெந்நீர்ப் பக்கத்தில் பிளாஸ்டிக் மரையைத் தவிர்த்து, பித்தளை பதித்த இணைப்பியையே பயன்படுத்த வேண்டும். கீசரின் வாயோடு சி.பி.வி.சி. குழாயை நேரடியாகச் சேர்க்காமல், இடையே உலோக இணைப்புக் குழாய் வைப்பது நல்லது.

ஜி.ஐ. குழாயோடு பித்தளையைச் சேர்க்கும்போது வேறொன்று நிகழ்கிறது. இரும்புக் குழாயில் மரை வெட்டும்போது அதன் துத்தநாகப் பூச்சு அவ்விடத்தில் நீங்கிவிடும். பூச்சற்ற இரும்பும் பித்தளையும் நீரில் தொடும்போது இரும்பு விரைந்து அரிக்கப்படும். பழைய வீடுகளில் திருகுகுழாயைக் கழற்றும்போது பித்தளை நன்றாக இருந்து, இரும்புக் குழாயின் மரை உதிர்ந்துபோவது இதனால்தான்.

தண்ணீரின் தன்மை

பித்தளை துருப்பிடிக்காது என்றாலும் அரிப்பே இல்லாதது அன்று. குளோரைடு மிகுந்த நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவிடும். எஞ்சுவது சல்லடை போன்ற வலுவற்ற செம்பு. இது துத்தநாக நீக்கம் எனப்படுகிறது. வெந்நீரிலும், ஓட்டமின்றித் தேங்கும் நீரிலும் இது விரைவாக நிகழும். இணைப்பியின் வடிவம் மாறாமலே இருப்பதால் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. மேற்பரப்பில் வெண்ணிறப் பொருக்கு படிவதும், சுரண்டினால் மஞ்சளுக்குப் பதிலாகச் செந்நிறம் தெரிவதும் இதன் அறிகுறிகள். இந்நிலையில் திருகுகுழாயைக் கழற்ற முயன்றால் மரைப்பகுதி சுவருக்குள்ளேயே முறிந்து நிற்கும்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, குளோரைடுக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத நிலையில் 1000 மில்லிகிராமை உச்ச அளவாகவும் குறிக்கிறது. கடலோரப் பகுதிகளில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உவர்ப்பானது. அத்தகைய வீடுகளில் சாதாரணக் கடைசல் பித்தளையைச் சுவருக்குள் பதிப்பது சரியன்று. நீரைப் பரிசோதித்து குளோரைடு அளவை அறிந்துகொள்வது இணைப்பித் தேர்வுக்கும் உதவும்.

உவர்நீருக்கு இரு மாற்றுகள் உள்ளன. ஒன்று, துத்தநாக நீக்கத்தைத் தாங்கும் பித்தளை. இதில் செம்பின் அளவு சற்று அதிகம். மிகச் சிறிதளவு ஆர்சனிக் சேர்க்கப்பட்டிருக்கும். இது டி.இசட்.ஆர். அல்லது சி.ஆர். எனப் பொறிக்கப்பட்டிருக்கும். மற்றொன்று, கன்மெட்டல் எனப்படும் வெள்ளீயம் கலந்த செம்புக் கலவை. துத்தநாகம் மிகக் குறைவாக இருப்பதால் இது உவர்நீரை நன்கு தாங்கும். கன்மெட்டல் வால்வுகள் குழாய்ப் பொருள் கடைகளில் பரவலாகக் கிடைக்கின்றன.

விரிசல்

பிரித்தானிய இந்தியப் படையில் ஒரு விந்தையான சிக்கல் இருந்தது. கிடங்குகளில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலங்களில் தாமாகவே விரிசல் விட்டன. இதற்குப் பருவ விரிசல் என்ற பெயர் வந்தது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் 1921ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றில் கலந்து, உருவாக்கத்தின்போது உறையில் தங்கிவிட்ட இழுவிசையோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது என்பதே அவ்விளக்கம்.

அதே மூன்று கூறுகளும் குளியலறையில் ஒன்றுசேர வாய்ப்புண்டு. அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட இணைப்பியில் இழுவிசை நிலையாகத் தங்குகிறது. ஈரம் எப்போதும் உள்ளது. கழிவறையிலிருந்தும், அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களிலிருந்தும் அம்மோனியா வருகிறது. நன்றாக இருந்த பித்தளை நட்டு ஒருநாள் நீளவாக்கில் வெடித்திருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. உள்மரை உடைய மெல்லிய உறுப்புகளே இதற்கு முதலில் ஆளாகின்றன. இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் பித்தளைக்குப் பொருந்தாது.

ஈயமும் குடிநீரும்

பித்தளையிலுள்ள ஈயம், குழாயில் தேங்கி நிற்கும் நீரில் சிறிதளவு கரையும். குடிநீரில் ஈயத்தின் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு முதல், குடிநீர் படும் உறுப்புகளில் ஈயத்தின் சராசரி அளவு 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற சட்டம் நடைமுறையில் உள்ளது.

சமையலறைக் குடிநீர்க் குழாய்க்கு, கிடைக்குமானால், ஈயம் குறைந்த பித்தளையைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையெனில் பித்தளை இணைப்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் பாத்திரம் கழுவவோ செடிகளுக்கோ பிடித்துவிட்டு, அதன் பின் வரும் நீரைச் சமையலுக்கு எடுப்பது எளிய வழி. சணலோடு ஒயிட் லெட் என்ற வெண்பசையைப் பூசி மரையை அடைக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஒயிட் லெட் என்பது ஈயச் சேர்மமே. குடிநீர்க் குழாய்களில் அதைத் தவிர்க்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

- காந்தம்: பித்தளையைக் காந்தம் ஈர்க்காது. முலாம் பூசிய இரும்பை ஈர்க்கும்.
- எடை: துத்தநாக வார்ப்பும் காந்தத்துக்கு ஒட்டாது. ஆனால் அது பித்தளையைவிட இலேசானது. முலாமிட்ட உறுப்பின் மரைப்பகுதியில் சிறிது சுரண்டினால் பித்தளை மஞ்சளாகவும், துத்தநாகம் சாம்பல் நிறமாகவும் தெரியும்.
- சுவர்த் தடிமன்: மரைப் பள்ளத்தின் அடியில் எஞ்சியிருக்கும் உலோகமே இணைப்பியின் உண்மையான வலிமை. வெளியே தடித்துத் தெரியும் விளிம்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.
- மரை: வரிகள் முழுமையாகவும் சீராகவும் இருக்க வேண்டும். பிசிறு, உடைந்த வரி, சாய்வாகத் தொடங்கும் மரை ஆகியவை குறைபாடுகள்.
- மேற்பரப்பு: மணல் வார்ப்பில் செய்ததில் சொரசொரப்பும் நுண்துளைகளும் இருக்கலாம். சூட்டில் அழுத்தி உருவாக்கியது செறிவானது. சுவருக்குள் செல்லும் உறுப்புக்குப் பின்னதே ஏற்றது.
- சேர்த்துப் பார்த்தல்: பொருத்தப் போகும் திருகுகுழாயைக் கடைக்கே எடுத்துச் சென்று, நாடா சுற்றாமல் கையால் திருகிப் பார்ப்பது சிறந்த சோதனை. கூம்பு மரை சில சுற்றுகள் இலகுவாகச் சென்று, பின் படிப்படியாக இறுக வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினாலும், கடைசி வரை தளர்வாக ஆடினாலும் அந்த இணை பொருந்தாது.

பொருத்தும் முறை

டெஃப்லான் நாடாவை வெளிமரையில், முனையிலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். எதிர்ச்சுற்றில் சுற்றினால் திருகும்போது நாடா பிரிந்து வெளியே வந்துவிடும். முதல் வரியை விட்டுவிட்டுச் சுற்றத் தொடங்கினால் நாடாத் துணுக்குகள் நீரில் கலந்து திருகுகுழாயின் உள்ளே அடைக்காது. மெல்லிய நாடாவாக இருந்தால் கூடுதல் சுற்றுகள் தேவைப்படும். இரண்டு மூன்று சுற்று கையால் திருக முடிந்து, அதன்பின் ஸ்பானரால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று வரை இறுகினால் நாடாவின் அளவு சரி.

இறுக்கிய பின் திருகுகுழாயின் வாய் நேராக நிற்கவில்லை என்று பின்னோக்கித் திருப்பக் கூடாது. அப்படித் திருப்பினால் நாடாவின் அடைப்பு கலைந்துவிடும். முழுதும் கழற்றிப் பழைய நாடாவை நீக்கிப் புதிதாகச் சுற்றித் திருக வேண்டும். வாஷர் வைத்த நட்டுகளுக்கும், யூனியனின் நடு நட்டுக்கும் நாடா தேவையில்லை. அங்கே நாடா சுற்றுவது, வாஷர் சரியாக அமர்வதைக் கெடுக்கவே செய்யும்.

சி.பி.வி.சி. இணைப்பியில் ஒட்டும் பக்கத்தை முதலில் ஒட்டி, பசை முழுதும் காய்ந்த பிறகே மரைப் பக்கத்தைத் திருக வேண்டும். பசை மரைக்குள் வழியக் கூடாது. எண்ணெய் கலந்த அடைப்புப் பசைகள் சி.பி.வி.சி.யைப் பாதிக்கக்கூடியவை. அதனால் அங்கு டெஃப்லான் நாடாவே பாதுகாப்பானது. எல்போவைச் சுவரில் அசையாமல் பொருத்திய பின் திருகினால், திருகும் விசை ஒட்டிய மூட்டுக்குப் போகாது.

ஒரு குளியலறைக்கான தேர்வு

சுவருக்குள் முக்கால் அங்குல சி.பி.வி.சி. குழாய் செல்லும் ஒரு குளியலறையை எடுத்துக்கொள்ளலாம். திருகுகுழாய் வரும் ஒவ்வோர் இடத்திலும் முக்கால்–அரை அளவுள்ள பிராஸ் எல்போ தேவை. குழாய்ப் பக்கம் முக்கால் அங்குல ஒட்டும் வாயும், வெளிப்பக்கம் அரை அங்குலப் பித்தளை உள்மரையும் இதில் இருக்கும். குழாய் தொடர்ந்து செல்லும் இடங்களில் அதே அளவில் பிராஸ் டீ பயன்படும். கீசருக்கு இரு அரை அங்குல ஆங்கிள் வால்வுகளும், வாஷருடன் கூடிய உலோக இணைப்புக் குழாய்கள் இரண்டும் வேண்டும். சலவை எந்திரக் குழாயின் நட்டு முக்கால் அங்குலம். எனவே அதற்கு அரை அங்குல வாயில் திருகி, முக்கால் அங்குல வெளிமரையில் முடியும் திருகுகுழாயை வாங்க வேண்டும். இந்த வீட்டு நீர் உவர்ப்பாக இருந்தால், சுவருக்குள் செல்லும் எல்போ, டீ ஆகியவற்றை மட்டுமாவது டி.இசட்.ஆர். வகையில் வாங்குவது நன்று. வெளியே இருப்பவற்றைப் பின்னாளில் எளிதாக மாற்றலாம்.

எல்போவின் வாய், ஓடு பதித்து முடித்த சுவரின் மட்டத்துக்கு வர வேண்டும். பூச்சுக் கனத்தையும் ஓட்டின் கனத்தையும் முன்பே கூட்டிக் கணக்கிட்டால் இது எளிது. கணக்குத் தவறி வாய் உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் தேவைப்படும். அப்போது தேவையான நீளத்தில் ஒரே நிப்பிளைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திருகினால், ஒவ்வொன்றும் சுவருக்குள் ஒரு கூடுதல் கசிவிடமாகும்.

சுவரை மூடுமுன் சோதனை

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் சோதனையின்றிச் சுவரை மூடக் கூடாது. எல்லா வாய்களையும் பிளக் கொண்டு அடைத்து, குழாயில் காற்றில்லாமல் நீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். சி.பி.வி.சி. குழாய்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சோதனை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 பார். ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்துக் கசிவிடத்தைக் காணலாம். கீசரும் திருகுகுழாய்களும் இச்சோதனைக்குப் பிறகே பொருத்தப்படும்.

சோதனை முடிந்ததும், சுவரில் குழாய் செல்லும் வழியையும் ஒவ்வோர் இணைப்பியின் இடத்தையும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளந்து குறித்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து வைக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கசிவு தோன்றினால், எந்த ஓட்டை எடுக்க வேண்டும் என்பதை அப்படம் காட்டும். அலமாரி மாட்டுவதற்குத் துளையிடும்போது குழாயைத் துளைத்துவிடாமலும் அது காக்கும்.